விலையில்லாப் பொருளும் தானமும்

'விலையில்லா' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. விலை கொடுக்க வேண்டாதது என்பது ஒன்று. இவ்வளவு என்று விலை மதிக்க இயலாதது என்பது மற்றொன்று. நம் முன்னோர் மாணிக்கத்தையும் மாதவத்தையும் சிறப்பிக்குமிடத்துப் பின்னைய பொருளிலேயே இதனைப் பெரிதும் ஆண்டனர். 2011-ஆம் ஆண்டில் ஆட்சி மாறியபின், தமிழக அரசின் ஆணைகளிலும் அட்டைப்பெட்டிகளிலும் இச்சொல் முன்னைய பொருளில் வந்து அமர்ந்தது. விலையில்லா மிக்சி, விலையில்லா கிரைண்டர், விலையில்லா மின்விசிறி, விலையில்லா மடிக்கணினி எனப் பட்டியல் நீண்டது. அதற்குமுன் 2006-இல் வழங்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு 'இலவசம்' என்பதே பெயர். அச்சொல்லைக் கேட்டுப் பெறுவோர் கூசுவர் என்று எண்ணினர் போலும். மாற்றியவர் நோக்கம் அதுவாயின் பாராட்டத்தக்கதே. ஆயினும் இரு சொற்களும் ஒரே வினாவை மறைத்து நின்றன. பெறுவோர் விலை கொடுக்கவில்லை, சரி. அவ்விலையைக் கொடுத்தவர் யார்? கொடுத்ததாகச் சொல்பவர் அதனால் பெற்றது யாது?

இவ்வினா அரசாங்கத்தை மட்டும் நோக்கியது அன்று. யாம் வாழும் அறந்தாங்கியின் கடைத்தெருவில் ஒருமுறை நடந்தால், சிம் அட்டை விற்போரின் குடையிலும் கைபேசிக் கடையின் பலகையிலும் இலவசம் என்னும் எழுத்தே முந்தி வந்து நிற்கும். பலகையில் எழுதப்படாத இலவசமோ அதனினும் பெரிது. கைபேசிக்குள் கடிதப் போக்குவரத்து இலவசம், வழிகாட்டும் வரைபடம் இலவசம், உரையாடல் இலவசம், ஓயாது ஓடும் நிகழ்படங்கள் இலவசம். அறத்தைப் பெயரிலேயே தாங்கிய ஊர் என்று எம்மூரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஆசை எமக்கு உண்டு. பழங்கோட்டை ஒன்று இடிந்து கிடப்பதால் 'அரண்' என்பதே மூலம் என வாதிடுவோர்க்கும் இடமுண்டு, அது நிற்க. இத்தனை கொடைக்கு நடுவே வாழும் நாம், இவை தானமா என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

தானத்திற்கு நம் ஆசாரியர் வகுத்த இலக்கணம் சுருக்கமானது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொடுப்போர் கொள்வோர் இருவர்க்கும் நலம் பயக்கத் தன் உடைமையை விட்டுக்கொடுத்தலே தானம் என்னும் கருத்தும், கொடுக்கும் முறை, கொடுபொருள், கொடுப்போன், கொள்வோன் ஆகிய நான்கினால் அதன் பயன் ஏறியும் இறங்கியும் வரும் என்னும் கருத்தும் காணக் கிடக்கின்றன. ஈண்டு நாம் உற்று நோக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கொடுபொருள் கொடுப்போனுடைய சொந்தப் பொருளாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, அவன் அதனை விட்டுவிடுதல் வேண்டும். கைமாறிய பின்னும் ஒரு நூலிழையைத் தன் விரலில் சுற்றி வைத்திருப்பானாயின் அது தானமாகாது. தூண்டிலுக்கும் நூல் உண்டு. உணவு, மருந்து, நூல், அபயம் என நம் சிராவகர் நால்வகைத் தானம் செய்துவந்தனர். இந்நான்கிலும் கொடுத்த பொருள் கொண்டவனோடு கலந்துவிடுகிறது. உண்ட சோற்றை மீளக் கேட்பார் இல்லை. அச்சம் நீங்கியவனிடம் நீக்கிய அச்சத்தைத் திருப்பிக் கொடு என்பாரும் இல்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. எம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றின்மேல், ஏழடிப்பட்டம் என வழங்கும் இயற்கைக் குகையில், வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து வெட்டப்பட்டுள்ளது. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது எனக் கல்வெட்டறிஞர் கருதும் அவ்வெழுத்து, வேற்று நாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் என்பார் செய்தளித்த இருக்கை இது என்று தெரிவிக்கிறது. பெயர்களைப் படிப்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. கொடுத்தவர் பெயர் பொறிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆகவே, பொருளின்மேல் பெயர் எழுதியதாலேயே ஒரு கொடை கெட்டுவிட்டது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இளையரும் எழுதினார். ஆனால் அக்கல், தன்மீது யார் படுத்தார், எத்தனை நாழிகை கிடந்தார், எப்பக்கம் புரண்டார் என்று கணக்கெடுத்து இளையர்க்கு அனுப்பவில்லை. அத்துறவி வேறு குன்றுக்குப் போக நினைத்தால் தடுக்கவும் இல்லை.

இனி அரசின் பொருளுக்கு வருவோம். 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தருவதாக வாக்களித்தது. வென்றபின் கலைஞர் கருணாநிதி அரசு அதனை நிறைவேற்றிற்று. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. அண்டை வீட்டு வாயிற்படியில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகள் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பார்த்தனர் என்பதை எளிதாக எண்ணலாகாது. அது ஒரு மானப் பிரச்சினை. எனினும் பெட்டி ஒருமுறைதான் இலவசம். கம்பி இணைப்புக்கு மாதந்தோறும் கட்டணம், மின்சாரத்திற்கு வேறு கட்டணம், விளம்பரத்தில் கண்டதை வாங்கித்தா என்னும் பிள்ளையின் அழுகைக்கு அளவிடாத கட்டணம். 2011-இல் ஜெயலலிதா அரசு, 2007-இல் தொடங்கிச் சோர்ந்துகிடந்த அரசு கேபிள் நிறுவனத்தை எழுப்பி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. சுமை குறைந்தது, கயிறு மட்டும் வேறு கைக்கு மாறிற்று. ஒரு வீட்டில் எந்த அலைவரிசை தெளிவாகத் தெரியும் என்பதில் ஆட்சியிலிருப்போர்க்கு அக்கறை பிறப்பது இயல்பன்றோ?

இவ்விலவசங்களை எதிர்த்து எஸ். சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில், நீதியரசர்கள் பி. சதாசிவம், ரஞ்சன் கோகோய் ஆகியோர் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம் 2013 ஜூலை 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அறிக்கையில் தரும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழற்செயல் ஆகாது என்று அது கூறிற்று. அதே மூச்சில், இத்தகைய வாக்குறுதிகள் மக்களை ஈர்க்கும் என்பதை மறுக்கலாகாது என்றும், நேர்மையான தேர்தலின் வேரை அவை பெரிதும் அசைக்கின்றன என்றும் கூறி, நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. குற்றமும் அன்று, குணமும் அன்று என்று நீதிமன்றமே தயங்கிய இடம் இது. 2022 ஆகஸ்டில் இவ்வினா மீண்டும் எழுந்து மூவர் ஆயத்திற்கு அனுப்பப்பட்டது.

நீதிமன்றம் தயங்கலாம், நம் இலக்கணத்தை வைத்துப் பார்ப்போர் தயங்க வேண்டியதில்லை. அரசு கொடுப்பது தன் உடைமையை அன்று. தீப்பெட்டி வாங்கும் கூலியாள் செலுத்திய வரியும் அதில் உண்டு. ஆதலின் அது தானம் அன்று. தானம் அன்று என்பதாலேயே இழிந்ததும் அன்று. நமக்குரியது நமக்கு வந்தது, அவ்வளவே. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவும் நம் குழந்தைகளின் பசியை நம் பொருளால் நாமே தீர்த்துக்கொண்டவை. அவற்றால் பள்ளிக்கு வந்த தலைமுறைகள் உண்டு. பிழை எங்கே நுழைகிறது எனில், உரிமையைக் கொடையாக வேடமிட்டுக் காட்டி நன்றியை வசூலிக்குமிடத்தில் நுழைகிறது. மாணவனுக்குரிய மடிக்கணினியின் மூடியில் முதலமைச்சரின் படம் எதற்கு? கொடுப்போன் பெயரைக் கல்லில் வெட்டிய இளையர் தம் பொருளைக் கொடுத்தார். இங்கே படம் ஒருவருடையது, பொருள் வேறொருவருடையது. அன்றியும், நன்றிக் கடனைச் செலுத்தும் இடம் வாக்குச்சாவடி என்று குறிப்பாலும் வெளிப்படையாலும் உணர்த்தப்படும்போது, பெற்றவர் மனத்தில் ஓர் அச்சம் ஏறுகிறது. வேறு ஒருவர் வந்தால் இது நின்றுவிடுமோ என்னும் அச்சம் அது. அபயம் தரவேண்டிய அரசு பயத்தைத் தந்தால், உடன் கொடுத்த மின்விசிறி அப்பயத்தை ஆற்றாது.

இவ்வளவும் படித்த நம் அன்பர்கள் பலர் தலையசைத்திருப்பர். 'இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்தார்கள்' என்னும் பேச்சு நம் இல்லங்களிலும் திருமணக் கூடங்களிலும் கேட்டுப் பழகியதே. வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்களில் உழவு செய்யும் நம் குடும்பங்களும் குடும்ப அட்டையைக் காட்டிப் பெட்டியும் மிக்சியும் வாங்கியவைதாம் என்பதைப் பட்டணத்து உறவினர் மறந்துவிடுகின்றனர். அதுவும் போகட்டும். ஏழையின் இலவசத்தைப் பழிக்கும் அச்செய்தி இப்போது எவ்வழியாக வருகிறது? வாட்ஸ்அப் வழியாக அன்றோ! அனுப்பியவர் அதற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை, பெற்றவரும் கொடுக்கவில்லை. வருவாய் உள்ளோர், வருவாய் இல்லாதோரின் ஒரு மின்விசிறியைப் பழிக்கும் நேரத்தில், தாம் நாள்தோறும் கைநீட்டி வாங்கும் இலவசம் எத்தனை என்று எண்ணுவதில்லை. ஏழைக்குக் கேட்ட வினாவையே நம்மிடமும் கேட்டால் என்ன விடை வரும்?

இதற்கு ஒரு நல்ல சான்று, நம் தமிழகமும் களமாக இருந்தது, பத்தாண்டுகட்கு முன் நிகழ்ந்தது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்னும் தொலைபேசி நிறுவனத்தோடு சேர்ந்து, 'இன்டர்நெட்.ஆர்க்' என்ற பெயரில் கட்டணமில்லா இணையத்தை இந்தியாவில் தொடங்கிற்று. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் அது கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதன் பெயர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என மாறிற்று. ஏழைக்கும் இணையம் வேண்டாவா என்று கேட்டனர். வேண்டும் என்றே எவரும் சொல்வர். ஆயின் கொடுக்கப்பட்டது இணையம் அன்று; 30-க்கும் மேற்பட்ட தளங்கள் மட்டுமே தொடக்கத்தில் அதில் இருந்தன. ஃபேஸ்புக் அவற்றுள் ஒன்று. எத்தளம் உள்ளே வரலாம் என்னும் விதியை வகுத்தவரும் அவரே. வேறு தளத்திற்குப் போக விழைந்தால் கட்டணம்.

நம் வழக்கில் கூறுவதாயின், ஒருவர் ஊருக்குச் சாலை போட்டுத் தருகிறார். அதில் நடக்கச் சுங்கம் இல்லை. ஆனால் அச்சாலை அவர் கடைக்கும் அவர் ஒப்பிய சில கடைகளுக்குமே போகும். பள்ளிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போக வேண்டுமாயின் வேலிக்கு அப்பால் உள்ள சுங்கச் சாலையில் நடக்க வேண்டும். காசில்லாதவன் எதில் நடப்பான்? பத்தாண்டு நடந்தபின், ஊரே அச்சில கடைகள்தாம் என்று அவன் நினைக்கமாட்டானா? கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நம்மவர், குடிக்க வருபவனை நோக்கி நீ எக்கடைக்குப் போகிறாய் என்று கேட்டதில்லை.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 டிசம்பரில் இதுபற்றி மக்கள் கருத்தைக் கேட்டது. அப்போது நிகழ்ந்ததுதான் நாம் சிந்திக்கத்தக்கது. ஃபேஸ்புக் தன் பக்கத்தைத் திறந்தவர் கண்முன், ஃப்ரீ பேசிக்சைக் காப்பாற்றுங்கள் என்னும் வேண்டுகோளை வைத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயத்தமான கடிதம் ஆணையத்திற்குப் போகும். நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்களும் வந்தன. எதிர்த்தரப்பினரும் ஆயத்த வாசகங்களை வழங்கினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆணையத்திற்கு வந்த கருத்துகள் 24 லட்சம் அளவில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் வந்தவை. கேட்ட வினாக்களுக்கு அவை விடையளிக்கவில்லை என்றும், கலந்தாய்வு ஒரு தலையெண்ணும் வாக்கெடுப்பாகச் சுருக்கப்படுகிறது என்றும் ஆணையம் அந்நிறுவனத்திற்கு எழுதிற்று. அழுத்தியவர் பலர் அந்த இலவசத்தை ஒருநாளும் பயன்படுத்தாதவர், பயன்படுத்தத் தேவையில்லாதவர். ஏழையின் பெயரால் ஏழை அல்லாதவரைக் கொண்டு, கொடுப்போனுக்காக மன்றாட வைத்த விந்தை அது. தேர்தலில் கட்சிகள் கேட்ட நன்றியை இங்கே ஒரு நிறுவனம், தேர்தல் இல்லாமலே பெற்றுக்கொண்டது.

2016 பிப்ரவரி 8-ஆம் நாள் டிராய் தன் ஒழுங்குமுறையை வெளியிட்டது. இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுதல் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச அளவாக 50 லட்சம் ரூபாய் தண்டம். அவ்வாரத்திலேயே ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு நீங்கிற்று. ஏழைக்கு வந்ததைத் தட்டிப் பறித்தனர் என்று வருந்தியோர் இருந்தனர். அவ்வருத்தத்தில் நேர்மையும் இருந்தது. மாற்றாக ஏழைக்கு முழு இணையத்தை யார் தந்தார் என்னும் கேள்விக்கு அன்று விடையில்லை. எனினும் அதே ஆண்டில் அவ்விலவசம் நுழைந்த மியான்மரைப் பார்ப்பது பயன்தரும். 2018-இல் ஐக்கிய நாடுகள் அவையின் உண்மை அறியும் குழு, அந்நாட்டில் பெரும்பாலோர்க்கு ஃபேஸ்புக்கே இணையம் என்றாகிவிட்டது என்றும், ரோஹிங்கியா மக்கள்மீது வெறுப்பைப் பரப்ப அது கருவியாயிற்று என்றும் எழுதிற்று. அத்துயரத்திற்கு ஆயுதம் தாங்கியோரே முதற்காரணர். ஒரு கைபேசித் திட்டத்தின்மேல் பழி முழுவதையும் சுமத்துதல் நடுநிலை ஆகாது. ஆயினும் ஒரே சாளரம் உள்ள வீட்டில் புகை நுழைந்தால் வேறு வழியில்லை. தாம் போதிய அளவு தடுக்கவில்லை என்று அந்நிறுவனமும் அவ்வாண்டிலேயே ஒப்புக்கொண்டது.

டிராய் தடுத்தது பாகுபாட்டை மட்டுமே, இலவசத்தை அன்று. 2016 செப்டம்பர் 5-ஆம் நாள் வணிகத்தைத் தொடங்கிய ஜியோ, 2017 மார்ச் இறுதிவரை எல்லாவற்றையும் இலவசமாகத் தந்தது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த போட்டியாளர் சிலர் அவ்வெள்ளத்தில் கரையேறவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் அலைவரிசை அற்றுப்போய், வாடிக்கையாளர் எண்ணை மாற்றிக்கொள்ளக்கூட வழியின்றித் தவித்த நாள்கள் தமிழகமெங்கும் பலர்க்கு நினைவிருக்கும். பின்னர் 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. இன்று ரீசார்ஜ் செய்யத் தாழ்த்தினால் பிள்ளையின் பள்ளிச் செய்தியும் வராது, வங்கியின் கடவு எண்ணும் வராது. பழக்கம் தேவையானபின் விலை வந்து சேர்ந்தது. வணிகத்தில் இது புதிதன்று. நம்முள் வணிகம் செய்வோர் நன்கறிவர்.

வாட்ஸ்அப்பின் கணக்கு இதனினும் நுட்பமானது. அதனை ஃபேஸ்புக் 2014-இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலர் விலைக்கு வாங்கிற்று. அதற்குமுன் ஆண்டுக்கு ஒரு டாலர் அளவில் கட்டணம் கேட்டுவந்த அச்செயலி, 2016 முதல் அதனையும் விட்டது. இத்தனை கோடி கொடுத்து வாங்கியவர் ஒரு டாலரையும் வேண்டாம் என்கிறார் எனில், நம்மிடம் அதனினும் மதிப்புள்ள ஒன்று இருத்தல் வேண்டும். கடிதத்தின் உள்ளடக்கம் பூட்டப்பட்டது என்கின்றனர், அது மெய்யே. ஆனால் யார், யாரோடு, எப்போது, எவ்விடத்திலிருந்து, எத்தனை முறை என்னும் புறவிவரங்களே ஒரு மனிதனை எழுதிக்காட்டப் போதும். 2021 ஜனவரியில், தாய் நிறுவனத்தோடு விவரம் பகிரும் புதிய நிபந்தனைகளை ஏற்றாக வேண்டும் என்றனர். ஏற்கமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டுதான். சொன்னால் உறவினர், ஆலயக்குழு, பள்ளி, மருந்துக்கடை அனைத்தையும் விட்டு வெளியேற வேண்டும். 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் இதன்பொருட்டு 213 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அந்நிறுவனத்தின் வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளம்பரத்தால் வருவது என்பதை வைத்துப் பார்த்தால், இங்கே கொள்வோன் யார், கொடுப்போன் யார் என்பதே தலைகீழாகிறது. கொடுப்பவர் நாம்; நம் நேரத்தையும் கவனத்தையும் வீட்டு விவரத்தையும் கொடுக்கிறோம். அதுவும் தானம் அன்று. அறிந்து விட்டுக்கொடுத்தால் அல்லவா தானம்?

அநர்த்த தண்டம் என நம் நூல்கள் விலக்கச் சொல்லும் பயனற்ற தீவினைகளுள், தீயவற்றைக் கேட்டுக்கொண்டிருத்தலும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னவர் கைபேசியைக் கனவிலும் காணார். எனினும் கேட்டலையும் ஒரு செயலாகவே எண்ணி விரதத்தில் சேர்த்தனர். நாள்முழுதும் பிறர் சினத்தைக் கேட்டுக் கேட்டுப் பெருக்கும் பொறி, கேட்போர் எண்ணிக்கையால் பொருள் ஈட்டும் என்பதை அவர்க்குச் சொன்னால், வியப்படைவாரா என்பது ஐயமே.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் எம் பகுதியையும் புரட்டிப்போட்டது. அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரங்களில் தென்னை வரிசை வரிசையாகச் சாய்ந்தது. டெல்டாவிலும் எம் மாவட்டத்திலுமாக ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாள்களில் விலையில்லா மின்விசிறி சுழலவில்லை. விலையில்லா மிக்சி அரைக்கவில்லை. கோபுரங்கள் ஓய்ந்ததால் இலவச உரையாடலும் இல்லை. இவை எவருடைய குற்றமும் அன்று. ஆனால் இலவசம் அனைத்தும் ஒருசேர வாய்மூடிய அவ்வேளையில் தானம் எது என்பது துலக்கமாகத் தெரிந்தது. அடிகுழாய் உள்ள வீட்டார் கதவைத் திறந்து வைத்தனர். ஓட்டு வீடு இழந்தோர் மாடி வீட்டுக் கூடத்தில் படுத்தனர். ஜெனரேட்டர் வைத்திருந்தோர் தொட்டி நிரப்பவும் கைபேசிக்கு மின்னேற்றவும் வாடகை பெற்றனர். அது தொழில், குறைகூற ஒன்றுமில்லை. வாங்க மறுத்தோரும் இருந்தனர். வெளிமாவட்டங்களிலிருந்து அரிசியும் மெழுகுவத்தியும் தார்ப்பாயும் ஏற்றிவந்த வண்டிகளில் வந்தோர், எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்த அட்டை என்று கேளாமல் இறக்கிவிட்டுப் போயினர். ஒரு பொட்டலம் கொடுத்து நான்கு படம் எடுத்துக்கொண்டோரும் உண்டு. படத்திற்கு நிற்கவேண்டியிருந்த முதியவள் ஒருத்தியின் முகம், பொருளுக்கும் முறைக்கும் உள்ள தொலைவை விளக்கப் போதுமானது. முறையையும் ஓர் உறுப்பாக வைத்தாரே அச்சூத்திரகாரர், அவர் அறிந்து வைத்தார்.

கைக்கருவிகளையும் இணையத்தையும் முற்றாக விலக்குக என்பது எம் கருத்தன்று. அது இயலாது, இயலினும் வேண்டா. நால்வகைத் தானத்துள் நூற்கொடைக்கு இக்காலக் கருவி மிகவும் இயைந்தது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் சிராவகி, பொன்னகவி இயற்றிய சாந்திபுராணத்தை 1,000 படிகள் எழுதுவித்து வழங்கினாள். ஓலை கைமாறியபின் அதனை மீளப் பறிக்க அவளிடம் கயிறு இல்லை. கும்பகோணத்தில் சீவக சிந்தாமணிக்குப் பொருள் காண இயலாது திகைத்து வந்த உ.வே. சாமிநாதையர்க்கு, அவ்வூர் ஜைன இல்லத்தார் தம் மரபறிவை மறைக்காது கூறினர். அந்நூல் 1887-இல் அச்சேறியது. இன்று அது தமிழர் அனைவர்க்கும் உரியது. படிப்பவர் சமயம் மாறவேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைக்கவில்லை.

இதற்கு மாறாகவும் ஒன்று நிகழ்ந்தது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் விற்ற ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. அங்கே நூல் இலவசமும் அன்று, விலை கொடுத்தே வாங்கப்பட்டது. விலை கொடுத்தும் நூலிழை அறவில்லை என்பதுதான் செய்தி. நம் அறக்கட்டளைகள் மாணவர்க்குக் கைக்கணினி வழங்க முன்வரின், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்குமுன் இதனைப் பார்த்தல் நன்று: ஒரே நிறுவனத்தின் பாடச் செயலி மட்டும் திறக்கும் கருவியா, அன்றி மாணவன் விரும்பியதை ஏற்றவும் அழிக்கவும் இயலும் கருவியா? முன்னது பாதி விலைக்குக் கிடைக்கும். சிலபோது விலையின்றியே கிடைக்கும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நினைவிற்கு வருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் என்பாரும், உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலரும் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். சிந்தாமணியும் அவற்றுள் உண்டு. விளம்பரம் இல்லை; பெயர் பதிய வேண்டியதில்லை; முகப்பில் உழைத்தவர் பெயர் இருக்கும், இளையர் பெயர் கல்லில் இருப்பதுபோல. அறந்தாங்கியில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் அதனை இறக்கி, தோழிக்கு ஒரு படி, தம்பிக்கு ஒரு படி எடுத்துக் கொடுக்கலாம். அவள் எத்தனை இலம்பகம் படித்தாள், எவ்விடத்தில் நிறுத்தினாள் என்பதை எவரும் அறியார். ரீசார்ஜ் முடிந்த நாளிலும், கம்பம் சாய்ந்த இரவிலும், மின்கலத்தில் சிறிது உயிர் இருக்கும்வரை, அது அவள் கையில் திறக்கும்.